மறுமொழியை நீக்கும் உரிமை யாருக்கு?

ஒருவர் இணையத்தில் எழுதியதன் கீழே பிறர் இடும் மறுமொழிகளை யார் மட்டுறுத்துவது, அதாவது யார் பார்த்து வேண்டாதவற்றை அகற்றுவது என்பதற்கு இன்று மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. எழுதியவரே நீக்கிக்கொள்ளலாம் என்பது ஒரு வழி. முகநூலும் யூடியூபும் இதற்கு நிறைய இடம் கொடுக்கின்றன. தளத்தை நடத்துவோர் மட்டுமே நீக்க வேண்டும் என்பது மற்றொன்று. வாசகர்களே மதிப்பிட்டு, நல்லதை மேலேற்றி, கெட்டதைக் கீழிறக்க வேண்டும் என்பது மூன்றாவது. எழுதியவருக்கு மறுமொழியை ஒதுக்கிவைக்கும் உரிமை வேண்டும், ஆனால் சுவடில்லாமல் அழிக்கும் உரிமை கூடாது என்பதே இவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நான் வந்தடைந்த முடிவு.

எழுதியவரின் பக்கம் உள்ள நியாயம் வலுவானது. தன் பதிவின் கீழே நடப்பதை முதலில் பார்ப்பவர் அவர்தான். ஒரு பெண் தன் பணியிடத்தைப் பற்றி எழுதுகிறார், அரை மணி நேரத்தில் யாரோ அவருடைய கைபேசி எண்ணை அங்கே இட்டுவிடுகிறார்கள் என்றால், தளத்தின் ஆய்வாளர் எப்போது வருவார் என்று அவர் காத்திருக்க முடியாது. மொழியும் இதில் ஒரு காரணம். பெயரைச் சொல்லாமல் ஒரு தொழிலையோ தெருவையோ மட்டும் குறிப்பிட்டே சாதியை இழுத்துவிடும் வசவுகள் தமிழில் ஏராளம். ஊர்ச் சூழல் தெரியாத ஆய்வாளருக்கு அவை சாதாரணச் சொற்களாகவே தோன்றும். யாரைக் குறிவைத்து வீசப்பட்டதோ அவருக்குப் படித்த நொடியிலேயே புரியும்.

ஆனால் இதே உரிமைதான் ஒருவரைத் தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆக்கிவிடுகிறது. டெங்குக் காய்ச்சலுக்குப் பப்பாளி இலைச் சாறு போதும், மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை என்று ஒருவர் எழுதுவதாகவும், தட்டணுக்கள் குறையும்போது காத்திருப்பது உயிருக்கு ஆபத்து என்று ஒரு மருத்துவர் கீழே எச்சரிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். எழுதியவர் அந்த எச்சரிக்கையை நீக்கிவிட்டால், அடுத்து வரும் வாசகருக்கு எஞ்சுவது நன்றி சொல்லும் மறுமொழிகள் மட்டுமே. எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி என்ற பொய்த் தோற்றத்தை அந்தப் பட்டியலே உண்டாக்கிவிடுகிறது. வசவை நீக்கும் கருவியும் திருத்தத்தை நீக்கும் கருவியும் ஒன்றே என்பதுதான் இந்த வழியின் அடிப்படைக் குறை.

ஒதுக்குவது எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இந்தக் குறை கூடவும் செய்யும், குறையவும் செய்யும். முகநூலில் ஒரு மறுமொழியை மறைத்தால், அதை எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தொடர்ந்து தெரிந்துகொண்டிருக்கும். யூடியூபில் ஒருவரைச் சேனலிலிருந்து மறைத்தால் அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. தொல்லை கொடுப்பவர் வேறு கணக்கில் திரும்பி வராமல் தடுக்க இது உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நேர்மையாகத் திருத்தம் சொன்னவர், தன் சொல் பிறரைச் சென்றடைந்துவிட்டது என்று நம்பி ஏமாறுவதும் இதே ஏற்பாட்டினால்தான். டுவிட்டர் 2019 நவம்பரில் உலகெங்கும் கொண்டுவந்த மறைக்கும் வசதி இதைவிட மேலானது. மறைக்கப்பட்ட பதில்கள் உரையாடலிலிருந்து விலகி நின்றாலும், சில பதில்கள் மறைக்கப்பட்டுள்ளன என்பதைக் காட்டும் குறியீடு அங்கே இருக்கும்; விரும்புபவர் அதை அழுத்திப் படித்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த முன்மாதிரி விக்கிப்பீடியாவின் பயனர் பேச்சுப் பக்கம். ஆங்கில விக்கிப்பீடியாவின் வழக்கப்படி, தன் பேச்சுப் பக்கத்தில் பிறர் எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை ஒருவர் நீக்கிக்கொள்ளலாம். நீக்கினால் அவர் அதைப் படித்துவிட்டார் என்றே பொருள் கொள்ளப்படும். நீக்கியது, பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் பக்க வரலாற்றில் அப்படியே இருக்கும். அவர் தொகுப்பதற்கு விதிக்கப்பட்ட தடை நடப்பில் இருக்கும்போது, அதை விலக்கக் கேட்டு மறுக்கப்பட்ட விண்ணப்பம் போன்ற சிலவற்றை அவர் நீக்க முடியாது. தனிநபர் விவரங்கள் போன்றவற்றை வரலாற்றிலிருந்தும் மறைக்கும் அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரிடம் இருக்கிறது. முற்றம் உங்களுடையது, ஆவணம் எல்லோருடையது என்ற இந்தப் பிரிவினை எவ்வளவு நிதானமானது!

தளமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும் என்ற இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மிரட்டல், சிறார் பாலியல் சுரண்டல் போன்றவற்றைத் தளம்தான் அகற்றியாக வேண்டும். அதைத் தாண்டி ஒவ்வொரு உரையாடலின் தொனியையும் மதிப்பிட அதற்கு நேரமும் இல்லை, மொழியறிவும் இல்லை.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, அதிகாரத்தோடு சேர்ந்து வரும் சட்டப் பொறுப்பு. அமெரிக்காவில் 1991-இல் கம்ப்யூசர்வ் என்ற கணினிவழிச் சேவை நிறுவனம், பிறர் எழுதியதைத் தான் சரிபார்ப்பதில்லை என்பதால் அவதூறு வழக்கில் தப்பியது. 1995-இல் அதே போன்ற பிராடிஜி நிறுவனம், மட்டுறுத்தல் செய்தது என்ற காரணத்துக்காகவே பதிப்பாளராகக் கருதப்பட்டது. கவனித்தவருக்குத் தண்டனை, கண்ணை மூடிக்கொண்டவருக்கு விடுதலை என்ற இந்த விபரீதத்தைச் சரிசெய்யவே 1996-இல் அங்கே, பிறர் எழுதியதற்குத் தளத்தைப் பதிப்பாளராகக் கருதக் கூடாது என்னும் 230-ஆம் சட்டப் பிரிவு இயற்றப்பட்டது. ஐரோப்பாவில் பொறுப்பு தனிமனிதர் வரைக்கும் நீள்கிறது. பிரான்சில் தேர்தல் வேட்பாளராக இருந்த ஜூலியன் சான்சேஸ், 2011-இல் தன் முகநூல் சுவரில் பிறர் எழுதிய வெறுப்புப் பேச்சை உடனே நீக்காததற்காக அபராதம் விதிக்கப்பட்டார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2023 மே மாதத்தில் அதைச் சரி என்றது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் 2021 செப்டம்பரில், செய்தி நிறுவனங்களின் முகநூல் பக்கங்களில் பொதுமக்கள் இடும் மறுமொழிகளுக்கு அந்நிறுவனங்களே பதிப்பாளர்கள் என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டு நிலை இதிலிருந்து வேறுபட்டது. வாட்ஸ்அப் குழுவில் ஓர் உறுப்பினர் இட்ட செய்திக்கு, நிர்வாகியாக இருந்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் சொன்னதை, 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் பின்பற்றியது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் அதே கருத்தைக் கூறியபோது, உறுப்பினர்களைச் சேர்க்கவும் நீக்கவும் மட்டுமே நிர்வாகியால் முடியும், செய்திகளை மட்டுறுத்த முடியாது என்பதை ஒரு காரணமாகக் காட்டியது. அதே ஆண்டின் பிற்பகுதியில், பிறர் இட்ட செய்தியை எல்லோருக்கும் அழிக்கும் வசதியை வாட்ஸ்அப் நிர்வாகிகளுக்குக் கொடுத்துவிட்டது. நீக்கும் உரிமையைக் கேட்பவர்கள், நீக்காமல் விட்டதற்கான கேள்வியும் தங்களிடமே வரக்கூடும் என்பதை இங்கே நினைத்துப்பார்க்க வேண்டும்.

வாசகர்களிடம் விடும் மூன்றாவது வழியை ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் தொண்ணூறுகளின் இறுதியிலேயே நுட்பமாகச் செய்து காட்டியது. நன்மதிப்புள்ள பயனர்கள் சிலருக்கு, குறுகிய காலத்துக்கு மட்டும், எண்ணிச் செலவழிக்க வேண்டிய சில புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு மறுமொழியும் -1 முதல் 5 வரை மதிப்பெண் பெறும். எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே உள்ளவை தனக்குத் தெரிய வேண்டாம் என்பதை ஒவ்வொரு வாசகரும் முடிவு செய்துகொள்ளலாம். ஓர் உரையாடலில் மதிப்பெண் இடுபவர் அதே உரையாடலில் மறுமொழி எழுத முடியாது என்ற விதியை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனெனில் எழுதியவரே நீதிபதியாகும் சிக்கலை அது நேரடியாகத் தொடுகிறது. ஆயினும் கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சிறுபான்மைக் குரல் கீழே அமிழும் என்பதும், தாக்கப்படுபவர் மற்றவர்களின் நல்லெண்ணத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதும் இதன் மறுபக்கம்.

தனிமனிதருக்கு நான் கேட்கும் உரிமையை அரசுப் பதவியில் இருப்பவருக்கு அப்படியே கொடுக்க மாட்டேன். மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹியூரன் நகர மேலாளர், தன் முகநூல் பக்கத்தில் ஒரு குடிமகனின் மறுமொழிகளை நீக்கி, அவரைத் தடுத்தும் வைத்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஒரு வரையறை தந்தது: அரசின் சார்பில் பேச அவருக்கு உண்மையான அதிகாரம் இருந்து, அதைப் பயன்படுத்தியே அவர் பேசினார் என்றால்தான் அது அரசின் செயலாகும். நீக்குவது ஒரு மறுமொழியோடு நிற்கிறது, தடுப்பதோ பக்கம் முழுவதிலிருந்தும் ஒருவரை வெளியேற்றுகிறது என்ற வேறுபாட்டையும் அத்தீர்ப்பு சுட்டியது. குடிநீர் வராத தெருவைப் பற்றி நகராட்சிப் பக்கத்தில் கேட்கப்படும் கேள்வி, எவ்வளவு கோபமாக எழுதப்பட்டிருந்தாலும், அங்கேயே நிற்க வேண்டும். அதில் வசவு கலந்திருந்தால் மறைக்கலாம். அப்படி மறைத்தவை எத்தனை என்ற எண்ணிக்கையையும், மறைத்ததன் காரணத்தையும் அதே பக்கத்தில் காட்டுவதை நகராட்சிக்குக் கட்டாயமாக்க வேண்டும்.