லாரி ஊரில் வரி அலுவலகம்: சாஃப்ட்வேர், ஏஐஎஸ், ஓடிபி – நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

நாமக்கல் பக்கத்தில் வருமான வரி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கும் சின்ன அலுவலகம் வைத்திருக்கிறேன். நானும் ஓர் உதவியாளரும்தான் நிரந்தரம். சீசனுக்கு மட்டும் பி.காம். முடித்த ஒரு பெண் வந்து கைகொடுப்பார். லாரிக்காரர்கள், ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள், கோழித்தீவன வியாபாரிகள், ஆசிரியர்கள், பென்ஷன்காரர்கள் என்று கலவையான கூட்டம். போர்டில் ‘வரி ஆலோசகர்’ என்று போட்டிருந்தாலும் வருகிறவர்கள் எல்லாம் ‘ஆடிட்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சி.ஏ. படித்தவன் இல்லை என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். ‘அதனாலென்னங்க’ என்றுவிட்டார்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எந்த சாஃப்ட்வேர் நல்லது என்பதைத்தான். பல சீசன்களாக ரிட்டர்ன் நிரப்ப அரசு இலவசமாகத் தரும் மென்பொருளான யூட்டிலிட்டியையும் காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரி கணக்குப் போடுவது இந்த வேலையில் மிகச் சிறிய பங்கு. காகிதம் வாங்குவதும், வரித்துறை தரும் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸோடு ஒப்பிடுவதும், ஓடிபிக்குக் காத்திருப்பதும்தான் நாளைத் தின்கின்றன. எதற்குச் செலவு செய்வது என்பதையும் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் இலவசமாகக் கிடைப்பது. இப்போதைய வருமான வரி இணையதளம் 2021 ஜூன் 7 அன்று வந்தது. அந்த வருடம் அது பட்ட பாடு ஊரறிந்த கதை. நிதியமைச்சகமே அதைக் கட்டிய நிறுவனத்தின் தலைமை அதிகாரியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. கடைசித் தேதியும் டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. இன்றைக்கு நிலைமை வேறு. விவரங்கள் முன்பே நிரப்பப்பட்ட ‘ப்ரீஃபில்’ கோப்பை இறக்கி யூட்டிலிட்டியில் ஏற்றினால் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு, சம்பளம், டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே பிடித்துக் கட்டிய வரி) எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். சம்பளக்காரர் ஒருவரின் ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-1ஐ டீ ஆறுவதற்குள் முடிக்கலாம். வருடத்துக்கு நூறு ரிட்டர்னுக்குள் போடுகிறவருக்கு இது தாராளமாகப் போதும், ஒரு ரூபாய் செலவு வேண்டாம்.

குறை என்று சொன்னால், எக்செல் யூட்டிலிட்டி விண்டோஸில் மேக்ரோ திறந்துவிட்ட எக்செலில்தான் ஒழுங்காக ஓடும். நடு சீசனில் புதுப் பதிப்பு வந்தால் பழையதில் பாதி நிரப்பியதை இறக்குமதி செய்து மறுபடி சரிபார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, யூட்டிலிட்டியே எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. 2025ல் ஐடிஆர்-2, 3க்கான எக்செல் ஜூலை 11 அன்றுதான் வந்தது. கடைசித் தேதியை ஜூலை 31லிருந்து செப்டம்பர் 15க்கு மாற்றினார்கள். அதே செப்டம்பர் 15தான் முன்கூட்டிய வரியின் இரண்டாம் தவணைக்கும் கடைசி நாள். நாடே ஒரே வாசலில் நுழைந்தால் எப்படியிருக்கும்? இன்னும் ஒரு நாள், செப்டம்பர் 16 வரை, நீட்டித்தார்கள். அந்த அறிவிப்பு வந்தபோது நள்ளிரவு நெருங்கியிருந்தது.

காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேரை ஏன் விடாமல் வைத்திருக்கிறேன் என்றால் அதற்கு லாரிதான் காரணம்.

பத்து வண்டிக்கு மேல் போகாத லாரி உரிமையாளர்களுக்கு 44ஏஈ என்ற பிரிவு இருக்கிறது. கணக்குப் புத்தகம் வேண்டாம். மொத்த எடை 12,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி என்றால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய், அதற்குக் கீழே என்றால் வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது சட்டம். 28 டன் வண்டி ஒன்றுக்கு வருடத்துக்கு 3,36,000 ரூபாய். ஐடிஆர்-4ல் ஒவ்வொரு வண்டிக்கும் பதிவு எண், சொந்தமா வாடகையா, எத்தனை டன், எத்தனை மாதம் என்று தனித்தனி வரிசை நிரப்ப வேண்டும். இரண்டு வண்டிக்காரர் என்றால் பரவாயில்லை. எட்டு வண்டி வைத்திருப்பவர்கள் வரிசையாக வரும்போது, போன வருடப் பட்டியலை அப்படியே இந்த வருடத்துக்கு எடுத்துவரும் ஒரு பட்டன் எவ்வளவு நேரத்தை மிச்சம் பிடிக்கிறது என்பது உட்கார்ந்து தட்டியவருக்குத்தான் தெரியும்.

அந்தப் பட்டனில் ஒரு வில்லங்கமும் உண்டு. விற்றுவிட்ட வண்டியும் சேர்ந்தே வரும். அதனால் எங்கள் அலுவலகத்தில் ஆர்.சி. நகல் இல்லாமல் ஒரு வண்டியும் உள்ளே போகாது. எடையையும் ஆர்.சி.யில் கிலோவில் இருப்பதைப் பார்த்துத்தான் போட வேண்டும். உரிமையாளர் வாய்வழியாகச் சொல்லும் டன் பெரும்பாலும் ஏற்றும் சுமையின் டன், வண்டியின் மொத்த எடை இல்லை.

மாதக் கணக்கு வந்தால் வாக்குவாதமும் வந்துவிடும்.

“ஏனுங்க ஆடிட்டர், வண்டி ஓடுனதே எட்டு மாசந்தானுங்க. எஃப்.சி.க்கு நின்னது, என்ஜின் வேலைக்கு நின்னது எல்லாத்துக்குமா லாபம் போடறீங்க?”

“ஓடுன மாசம் கணக்கில்லைங்கண்ணா, உங்க பேர்ல இருந்த மாசந்தான் கணக்கு. நடுமாசத்துல வாங்கியிருந்தாலும் அது முழு மாசமுங்க.”

உண்மையில் லாபம் அதைவிடக் குறைவு என்று காட்ட வேண்டுமானால் கணக்குப் புத்தகம் எழுதி ஆடிட் செய்ய வேண்டும். அதைச் சொன்னதும் பெரும்பாலும் பேச்சு அடங்கிவிடும். இதே ஆள் அடுத்த மாதம் புது வண்டிக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, ‘கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கலாமுங்களே’ என்று வருவது தனிக் கதை. உண்மையிலேயே கூடுதலாகச் சம்பாதித்திருந்தால் கூடுதலாகத்தான் காட்ட வேண்டும், பிரிவே அப்படித்தான் சொல்கிறது. வங்கிக்காக மட்டும் ஏற்றிக் காட்ட நான் சம்மதிப்பதில்லை.

இந்த வேலையில் மனசுக்கு நிறைவான பகுதியும் லாரியில்தான் இருக்கிறது. 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டி வாங்கினால் டீலர் 1 சதவீதத்தை டிசிஎஸ் என்ற முன்வரியாக வாங்குபவரிடம் வசூலித்து அவர் பேரில் கட்டுகிறார். 40 லட்ச ரூபாய் வண்டிக்கு 40,000 ரூபாய். இன்வாய்ஸில் அது ஒரு வரிசையாக இருக்கும். வாங்கியவர் வண்டி விலையில் சேர்ந்ததாகவே நினைத்துக்கொண்டிருப்பார். ஒருவர் பேரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் டிடிஎஸ் பகுதியை மட்டும் பார்த்து மூடிவிட்டால் நமக்கும் தெரியாது, கொஞ்சம் கீழே இறங்கி டிசிஎஸ் பகுதியைப் பார்க்க வேண்டும். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை 87ஏ தள்ளுபடியால் வரி வராது. 28 டன் வண்டி மூன்று வைத்திருப்பவருக்கே 10,08,000தான் வருகிறது. வேறு வருமானம் இல்லாதவருக்கு அந்த 40,000 முழுசாகத் திரும்பிவிடும். எங்கள் ஊரில் வாய்வழியாக ஆள் சேர்வது இதனால்தான்.

சாஃப்ட்வேரின் இன்னொரு பயன், வருமானமும் வரியும் எப்படி வந்தன என்று காட்டும் ‘கம்ப்யூட்டேஷன்’ தாள். ரிட்டர்ன் நகலை மட்டும் கொடுத்தால் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். மூன்று வருட ரிட்டர்னோடு கம்ப்யூட்டேஷனும் வேண்டும், அதில் என் சீலும் வேண்டும். இலவச யூட்டிலிட்டியை வைத்துக்கொண்டு அதைத் தனியாக வேர்டில் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

பிடிக்காதவையும் இருக்கின்றன. உரிமம் ஒரே கணினிக்கு. அந்தக் கணினி படுத்தால் மாற்றித் தர அவர்களுக்கு மெயில் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். உதவி எண் ஜனவரியில் உடனே எடுக்கப்படும், ஜூலையில் பாட்டுத்தான் கேட்கும். 2024 ஜூலை 5க்குப் பிறகு, பங்கு விற்ற குறுகிய கால லாபத்துக்கு 87ஏ தள்ளுபடி கிடையாது என்று அரசு யூட்டிலிட்டி மாறியபோது, என் சாஃப்ட்வேரில் கொஞ்ச நாள் பழைய கணக்கே ஓடியது. அந்த விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய், தாமத ரிட்டர்னுக்கான தேதி 2025 ஜனவரி 15 வரை நீண்டது. அன்றிலிருந்து சாஃப்ட்வேரில் போட்ட எதையும் அரசு யூட்டிலிட்டியில் ஒருமுறை சரிபார்க்காமல் ஏற்றுவதில்லை. இரட்டை வேலைதான்.

அடுத்தது ஏஐஎஸ். 2021 நவம்பரில் வந்த இந்த வருடாந்திரத் தகவல் அறிக்கை எங்கள் தொழிலையே புரட்டிப் போட்டுவிட்டது. முன்பெல்லாம் கிளையன்ட் சொல்வதை நாங்கள் எழுதினோம். இப்போது துறைக்கு என்ன தெரியும் என்பதைப் பார்த்துவிட்டுக் கிளையன்டைக் கேட்கிறோம். சேமிப்புக் கணக்கு வட்டி, டெபாசிட் வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, ஜிஎஸ்டி விற்றுமுதல், பெரிய ரொக்க டெபாசிட் எல்லாம் அதில் இருக்கும். பென்ஷன்காரர்களிடம்தான் இது சிக்கலாகும். கணவன் மனைவி கூட்டாகப் போட்ட டெபாசிட்டில் பணம் மனைவியுடையதாக இருந்தாலும் வட்டி முழுவதும் முதல் பெயர்க்காரரின் பானில் வந்து நிற்கும். பின்னூட்டம் கொடுக்கும் வசதியில் ‘வேறு பானுக்குரியது’ என்று குறிக்கலாம். குறித்தவுடன் பெரியவர்கள் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்கள்: “தம்பி, ஒண்ணும் பிரச்சினை வராதுல்ல?” பாஸ்புக் நகலை ஃபைலில் வைத்துக்கொண்டால் வராது.

சின்ன விஷயம், ஆனால் புதியவர்கள் முட்டிக்கொள்வது: ஏஐஎஸ் பிடிஎஃப் திறக்க பான் எண்ணைச் சிறிய எழுத்தில் தட்டி, இடைவெளி விடாமல் பிறந்த தேதியைச் சேர்க்க வேண்டும். ஜூன் நடுப்பகுதிக்கு முன்னால் அதை நம்பவும் வேண்டாம். வங்கிகளும் முதலாளிகளும் கடைசிக் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் போட மே 31 வரை அவகாசம் உண்டு, சம்பள டிடிஎஸ் சான்றான படிவம் 16 கொடுக்க ஜூன் 15 வரை. ஏப்ரலிலேயே முடித்துக் கொடுங்கள் என்று அவசரப்படுத்தும் நண்பர்களை அன்பாகத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஓடிபி பற்றித் தனியாகவே எழுதலாம். ரிட்டர்ன் ஏற்றி 30 நாளுக்குள் மின்சரிபார்ப்பு முடிய வேண்டும். 2022 ஆகஸ்டுக்கு முன் 120 நாள் இருந்தது. ஆதாரில் இருக்கும் மொபைலுக்கு எண் வரும். அந்த மொபைல் வைத்திருப்பவர் அப்போது நாக்பூர் தாண்டி ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருப்பார். வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியைத் தேடி, எண்ணைப் படிப்பதற்குள் அது காலாவதியாகிவிடும். இப்போது முந்தின நாளே குரல் செய்தி அனுப்பி, எப்போது வண்டி நிற்கும் என்று கேட்டு வைத்துக்கொள்கிறோம். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று மகன் சொல்லியிருப்பதாகத் தயங்குகிறவர்களை நான் வற்புறுத்துவதே இல்லை. மகன் சொன்னது சரி. ஐடிஆர்-வி என்ற சரிபார்ப்புத் தாளில் கையெழுத்துப் போட்டு, பெங்களூரில் உள்ள துறையின் மையத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பும் வழி இன்னும் இருக்கிறது. அதுவும் 30 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று மின்னஞ்சல். பல அலுவலகங்களில் எல்லாக் கிளையன்டுக்கும் அலுவலக மெயிலையே முதன்மை முகவரியாகக் கொடுத்துவிடுவார்கள். வசதிதான். ஆனால் நோட்டீஸ் வந்தால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரியவே தெரியாது. 2025 ஜூலை 14 அன்று போலி ரீஃபண்ட் கேட்டுக் கொடுத்த இடைத்தரகர்கள்மேல் நாடு முழுவதும் 150 இடங்களில் துறை சோதனையில் இறங்கியது. தமிழ்நாடும் அதில் இருந்தது. மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மெயில் உருவாக்கிப் பிறகு கைவிட்டதால் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடந்தன என்று துறையின் அறிக்கையே சொன்னது. எங்களிடம் முதன்மைத் தொடர்பு கிளையன்டின் சொந்த மொபைல், சொந்த மெயில். இரண்டாம் தொடர்பில் மட்டும் அலுவலகம். ரிட்டர்ன் போட்டுப் பழகிய ஆசிரியர்கள் சிலர், கொடுக்காத நன்கொடைக்கெல்லாம் பக்கத்து ஊரில் ரீஃபண்ட் வாங்கித் தருகிறார்களே என்று கேட்டதுண்டு. அந்த நடவடிக்கைக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. போதாததற்கு, 80சி (சேமிப்புக்கான கழிவு) என்றால் பாலிசி எண், 80டி (மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவு) என்றால் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் என்று யூட்டிலிட்டியே விவரம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

ஜிஎஸ்டி பக்கம் புகார் அதிகம் இல்லை. தேதி தவறாமல் இருந்தால் போதும். காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில், வரி கட்டும் ரிட்டர்னான 3பியின் கடைசித் தேதி அடுத்த மாதம் 22. 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து 3பியில் தானாக வரும் விற்பனை வரித் தொகையைக் கையால் திருத்த முடியாது என்பதால், கடைக்காரர் பில் அனுப்பும்போதே கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. தப்பிருந்தால், விற்பனை விவரத்தைத் திருத்தும் 1ஏ படிவத்தில்தான் திருத்தம்.

புதிதாகத் தொடங்குகிறவர் எதை முதலில் வாங்கலாம்? தாள் இழுத்து இருபக்கமும் எடுக்கும் நல்ல ஸ்கேனர். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவில் படிவம் 16ன் புள்ளி எது, காற்புள்ளி எது என்று தெரியாது. பிறகு யுபிஎஸ். அதன் பிறகு ஓர் எக்செல் பதிவேடு: பெயர், பான், காகிதம் வந்த தேதி, ஏஐஎஸ் பார்த்த தேதி, ஏற்றிய தேதி, சரிபார்த்த தேதி, ரீஃபண்ட், கட்டணம். ‘சரிபார்த்த தேதி’ காலியாக இருக்கும் வரிசைகளை மஞ்சளாக்கி தினமும் காலையில் அதைத்தான் முதலில் திறக்கிறோம். சாஃப்ட்வேர் நான்காவது இடத்தில்தான் வருகிறது, அதுவும் தொழில் செய்பவர்களின் ரிட்டர்ன் சேர ஆரம்பித்த பிறகு.

சாஃப்ட்வேர் உரிமத்தை நான் இந்த வருடமும் புதுப்பிக்கிறேன், ஒரு கணினிக்கு மட்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது, 44ஏஈயில் இருந்ததெல்லாம் பிரிவு 58க்குள் போய்விட்டது. ஆனால் 2025-26க்கான ரிட்டர்ன் பழைய சட்டப்படிதான். அதனால் இந்த சீசனுக்கு இருக்கும் பதிப்பே போதும். அடுத்த வருடம் புதிய சட்டத்துக்கென்று தனிக் கட்டணம் கேட்டால், அந்த வண்டிப் பட்டியல் பட்டனுக்காக எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.