ஷூர் எஸ்எம்58: பங்க் மேடைகளில் ஒரு வார இறுதி

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துப் பப் ஒன்றின் மாடியறையில் வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி, ஞாயிறு இரவு பிராட்போர்டில் முடிந்த மூன்று பங்க் (punk) ராக் இசைக் கச்சேரிகளில் 11 குழுக்கள் ஒரே வகை மைக்கில் பாடின. முதல் இரண்டு கச்சேரிகளையும் ஏற்பாடு செய்தவன் நான். மூன்றிலும் என் குழுவோடு பேஸ் கிட்டார் வாசித்துப் பாடவும் செய்தேன். ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 மைக்கைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தாலும், அதன் பலமும் எல்லையும் இவ்வளவு தெளிவாக எனக்குப் புலப்பட்டது இந்த மூன்று நாட்களில்தான். சிறிய மேடைகளுக்கு மைக் வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த மைக் 1966-இல் விற்பனைக்கு வந்தது. அதன் உள்ளே இருக்கும் ஒலிவாங்கும் பகுதி அதற்கும் முந்தையது. ஷூர் பொறியாளர் எர்னி சீலர் 1959-இல் வடிவமைத்த யூனிடைன் 3 என்ற மைக்கின் வழியில் வந்தது அது. பெயரில் உள்ள ‘எஸ்எம்’ ஸ்டுடியோ மைக்ரோஃபோன் என்பதன் சுருக்கம். ஒலிப்பதிவுக் கூடத்தை மனத்தில் வைத்துப் பெயரிடப்பட்ட பொருள் கடைசியில் மேடைப் பாடகர்களின் கைக்கு வந்து அங்கேயே நிலைத்துவிட்டது. காந்தப் புலத்தில் அசையும் ஒரு சிறு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய மெல்லிய சவ்வு, அவற்றைக் காக்கும் எஃகு வலைக் குமிழ், குமிழுக்குள் ஒரு பஞ்சு உறை. ஏறக்குறைய இவ்வளவுதான் அதன் உடல். மின்கலம் வேண்டாம், ஒலிகளைக் கலந்து அளவு மாற்றும் மிக்ஸர் கருவியிலிருந்து மின்சாரமும் வேண்டாம். எடை 298 கிராம். 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை அது வாங்கும். நல்ல ஸ்டுடியோ மைக்குகள் 20,000 ஹெர்ட்ஸைத் தொடும். ஆனால் மூன்று ஆம்ப்ளிஃபயர்களும் டிரம்ஸும் முழங்கும் அறையில் அந்த மேல் 5,000 ஹெர்ட்ஸ் இல்லாத குறையை ஒருவரும் உணர்ந்து நான் கண்டதில்லை.

எங்கள் வட்டத்துக் கச்சேரிகள் எப்படி நடக்கும் என்பதைச் சொன்னால்தான் இந்த மைக்கின் அருமை விளங்கும். ஒரு மாலையில் நான்கு குழுக்கள் வாசிக்கும். டிரம்ஸும் ஆம்ப் பெட்டிகளும் பொது. ஸ்நேர் டிரம், சிம்பல்கள் எனப்படும் உலோகத் தட்டுகள், பெடல்கள் ஆகியவற்றை மட்டும் அவரவர் கொண்டு வருவார்கள். ஒரு குழு இறங்கி அடுத்தது ஏற 15 நிமிடம் கிடைத்தால் அதிகம். ஒலிச் சோதனைக்கு நேரம் இருக்காது. மைக்கில் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டு முதல் பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். ஒலியைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் அடுத்துப் பாடப்போகும் குழுவின் கிட்டார்காரராகத்தான் இருப்பார். வாசலில் காசு வாங்குவது, வெளியூரிலிருந்து வந்த குழுவுக்குப் பெட்ரோல் பணத்தை முதலில் எடுத்து வைப்பது, அவர்களுக்குச் சோறாக்குவது (இம்முறை 14 பேருக்குப் பருப்புக் குழம்பு வைத்தேன்), பதினொரு மணிக்குள் சத்தத்தை நிறுத்துவது என்று எல்லா வேலையும் நான்கைந்து பேரின் தலையில் விழும். இந்த நெருக்கடியில், எந்தத் தொண்டைக்கும் எந்த அறையிலும் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே தெரிந்த மைக், அதைவிட நேர்த்தியாக ஒலிக்கும் அறிமுகமில்லாத மைக்கைக் காட்டிலும் பலமடங்கு மேலானது. எஸ்எம்58-ஐ மிக்ஸரில் இணைத்த உடனே மிக்ஸரின் எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது அரைகுறை அனுபவம் உள்ளவருக்கும் கைப்பழக்கமாகத் தெரிந்திருக்கிறது. என் மதிப்பீடு முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை இரண்டாவதாகப் பாடிய இளைஞர் பாட்டின் உச்சத்தில் மைக்கை ஒயரோடு சுழற்றினார். பிடி நழுவி அது மரத்தரையில் மோதி, டிரம்ஸின் காலடிவரை உருண்டு போயிற்று. குமிழின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மைக்கை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வரியை அதிலேயே பாடினார். இடைவேளையில் குமிழைத் திருகிக் கழற்றி, கரண்டிக் காம்பினால் உள்ளிருந்து அழுத்தி நிமிர்த்தினேன். குமிழ் மட்டும் தனியாக விற்கப்படுகிறது என்பதால் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. உள்ளேயிருக்கும் ஒலிவாங்கும் பகுதி, காற்றறை ஒன்றோடு கூடிய அதிர்வுதாங்கியின் மேல் அமர்ந்திருக்கிறது. மைக்கைக் கைமாற்றும்போது ஸ்பீக்கரில் எழும் ‘கடகட’ சத்தம் மற்ற மலிவு மைக்குகளில் இருப்பதைவிட இதில் வெகுவாகக் குறைந்திருப்பதற்கு அதுதான் காரணம். ஒரே மைக்கை இரண்டு பேர் பிடுங்கிப் பிடுங்கிப் பாடும் இசைக்கு அது சிறிய உதவி அன்று.

சனிக்கிழமை கச்சேரி லீட்ஸின் ஹைட் பார்க் பகுதியில், செங்கல் வரிசை வீடு ஒன்றின் நிலவறையில் நடந்தது. இரண்டு மீட்டர்கூட உயரமில்லாத கூரை, நாற்புறமும் வெறும் செங்கல், தோளோடு தோள் உரச 30 பேர். டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் மைக் வைக்கவில்லை. அவை தாமாகவே போதும் போதும் என்கிற அளவுக்கு ஒலித்தன. குரலுக்கு மட்டும் சிறிய மிக்ஸரும் இரண்டு ஸ்பீக்கர்களும். இப்படிப்பட்ட இடத்தில் ஏற்பாட்டாளரின் தூக்கத்தைக் கெடுக்கும் பிரச்சினை ஊளைதான். ஸ்பீக்கரிலிருந்து வரும் குரல் மீண்டும் மைக்கில் நுழைந்து, மீண்டும் பெருகி, சில நொடிகளில் காதைத் துளைக்கும் ஒற்றை ஒலியாக மாறிவிடும்.

எஸ்எம்58 முன்புறத்து ஒலியையே முதன்மையாக வாங்கும்; பக்கவாட்டில் அதன் கூர்மை 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) குறைகிறது, நேர் பின்னால் மிகவும் குறைந்துவிடுகிறது. எனவே பாடுபவர் தம் குரலைக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் வால் நோக்கும் திசையில், அவர் காலடிக்கு நேர் முன்னால் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி பாடுபவரின் உதட்டில் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடுதலாக மைக்கில் விழும். மிக்ஸரில் அந்த அளவை ஏற்றியிருந்தால் நிலவறை ஊளையிட்டிருக்கும். அருகே வரவர அடிக்குரல் தடிப்பதும் இவ்வகை மைக்கின் இயல்பு. அது மெல்லிய குரலுக்குச் சற்றுச் சதை கொடுக்கிறது. உரத்த குரலாக இருந்தால் மிக்ஸரில் கீழ்ச்சுருதியைச் சிறிது குறைத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே எடுத்த இன்னொரு முடிவும் பலனளித்தது. என்னிடம் இருந்த மூன்று மைக்குகளையும் மேடையில் வைத்துவிடலாம் என்று நண்பர்கள் சொன்னபோது, இரண்டு போதும் என்று மறுத்தேன். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஊளை எழுவதற்கு முன் நாம் ஏற்றக்கூடிய ஒலியில் 3 டெசிபல் பறிபோகிறது. மேலும், மேடையின் முன்னால் நிற்கும் பாடகரின் மைக் அவர் வாயை நோக்கியிருக்கிறது என்றால், அவருக்குப் பின்னால் உள்ள சிம்பல்களையும் நோக்கியிருக்கிறது என்றுதான் பொருள். பாடகர் விலகி நின்றால் அந்த மைக் சிம்பலுக்கு வைத்த மைக்காகிவிடும். எந்த நிறுவனத்தின் மைக்காலும் இதைத் தவிர்க்க இயலாது. பாட்டுக்குப் பாட்டு ‘ஏய்’ என்று ஒரு முறை கத்துவதற்காக மட்டும் வைக்கப்படும் மூன்றாவது மைக், கச்சேரி முழுவதும் சிம்பலைத்தான் ஒலிபரப்பும்.

எஸ்எம்58-இன் உண்மையான எல்லை இனித்தான் வருகிறது. பங்க் பாடகர்கள் குமிழை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பதில் பெரும் விருப்பம் கொண்டவர்கள். பார்ப்பதற்கு அது தீவிரமாக இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், பின்னாலிருந்து வரும் ஒலியை இந்த மைக் எப்படித் தள்ளுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த ஒலி சவ்வின் முன்பக்கத்தை எட்டும் அதே வேளையில், குமிழின் அடிப்பகுதியை ஒட்டிய திறப்புகள் வழியாகப் பின்பக்கத்தையும் எட்டி, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. திறப்புகளைக் கை மூடிவிட்டால் அந்தக் கணக்கு குலைகிறது. எல்லாத் திசையிலிருந்தும் வாங்கும் மைக்காக அது மாறுகிறது. முன்னால் உள்ள மானிட்டர் உடனே ஊளையிடுகிறது. குரலும் குடத்துக்குள் பேசுவதுபோல் அடைபடுகிறது. சனிக்கிழமை மூன்றாவது குழு பாடத் தொடங்கிய இருபதாவது நொடியில் இது நடந்தது. ஒலிப்பொறுப்பில் இருந்தவர் பதறி அளவைக் குறைக்க, பாடகர் குரல் கேட்கவில்லை என்று மேலும் இறுக்கிப் பொத்த, இரண்டு பாட்டு வீணாயிற்று. கச்சேரிக்கு முன் பாடகர்களிடம் கைப்பிடியை மட்டும் பிடிக்கும்படி சொல்வது என் கடமை. சொல்லத் தவறியது என் பிழை. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவரிடமும் நேரில் சொன்னேன்.

சனிக்கிழமை கச்சேரி தொடங்குமுன் இன்னொரு சோதனையும் வந்தது. பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கியிருந்த மூன்றாவது ‘எஸ்எம்58’, மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்துப் பேசிப் பார்த்தபோது, கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கலாக ஒலித்தது. சமையலறைத் தராசில் வைத்தேன். 298 கிராமுக்கு வெகு கீழே நின்றது. உலகில் மிக அதிகமாகப் போலி செய்யப்படும் மைக்குகளில் இதுவும் ஒன்று. பெட்டி, பை, முத்திரை, அச்சிட்ட தாள் எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செய்துவிடுகிறார்கள். எடை சரியாக இருப்பதால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. எடை குறைந்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. நம்பகமான இசைக்கருவிக் கடையில் வாங்கினால் இந்தத் துன்பம் இல்லை. இந்த மைக்கைப் பற்றிக் குறை சொல்லும் சிலர் உண்மையில் அதன் போலியைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஞாயிறன்று வேனில் ஏறிப் பிராட்போர்டுக்குப் போனோம். அங்குள்ள ஒன் இன் ட்வெல்வ் கிளப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் கடக்க மனமில்லை. உதவித்தொகை பெறுவோரில் 12 பேருக்கு ஒருவர் ஏமாற்றுகிறார் என்று அரசுத் தரப்பு அறிக்கை ஒன்று சொல்ல, அந்த எண்ணையே பெயராக ஏற்று 1981-இல் வேலையற்றோர் சங்கத்தினர் தொடங்கிய அமைப்பு அது. 1988 முதல் ஆல்பியன் தெருவில் சொந்தக் கட்டடத்தில், உறுப்பினர்களாலேயே நடத்தப்படுகிறது. அன்று ஏற்பாட்டுச் சுமை எனக்கில்லை. பாடுவது மட்டும்தான் வேலை. மேடையில் நின்றிருந்தது அங்கும் எஸ்எம்58. இரண்டு இரவு கத்திய தொண்டையோடு ஏறினேன். கிட்டார்களின் இரைச்சலுக்கு நடுவே என் குரல் மானிட்டரில் தெளிவாகக் கேட்டது. மெய்யெழுத்துகள் விழும் மேல்நடுச் சுருதியைச் சற்றுத் தூக்கியும், கீழ்ச்சுருதியைத் தாழ்த்தியும் இந்த மைக் அமைக்கப்பட்டிருப்பதன் பயன் இதுதான். தன் குரல் தனக்குக் கேட்காத பாடகர் கத்துவார். கத்தினால் மறுநாள் பேச்சு வராது. பங்க் பாட்டில் சொல் முக்கியம். வாடகையைப் பற்றியும் வேலை நேரத்தைப் பற்றியும் எழுதிய வரி பின்வரிசை வரை போய்ச் சேராவிட்டால் அந்தப் பாட்டைப் பாடி என்ன பயன்?

எச்சிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 11 குழுக்களின் பாடகர்கள் உதடு பதித்த குமிழ்களைக் கழுவாமல் பையில் போடுவது அடுத்து வருபவருக்குச் செய்யும் துரோகம். குமிழைக் கழற்றி, உள்ளே உள்ள பஞ்சை எடுத்து, இரண்டையும் சோப்புத் தண்ணீரில் அலசி, முழுவதும் உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஒலிவாங்கும் பகுதியின் மேல் ஒரு துளி நீரும் படக்கூடாது. நான்கு குழுக்களுக்கு நான்கு உபரிக் குமிழ்கள் வைத்திருந்தால் கச்சேரிக்கு நடுவிலேயே மாற்றிவிடலாம். அடுத்த மாதம் அப்படித்தான் செய்யப்போகிறேன்.

இங்கே இதன் விலை ஏறக்குறைய 100 பவுண்டு. சென்ஹைசர் இ835 இதே வகையைச் சேர்ந்த நல்ல மைக். பாடகர் ஒருவர் தமக்கென வாங்குவதானால் இரண்டிலும் பாடிப் பார்த்து முடிவு செய்யட்டும். ஷூரின் விலை கூடிய பீட்டா 58ஏ இன்னும் பளிச்சென்று ஒலிக்கும். ஆனால் அது நேர் பின்னாலிருந்து வரும் ஒலியைச் சிறிது வாங்குவதால், மானிட்டரை நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும். அகலமில்லாத நிலவறையில் அதற்கு இடம் ஏது? பல குழுக்கள் பகிரும் பொது மைக்காக நான் எஸ்எம்58-ஐயே பரிந்துரைக்கிறேன். இதில் சுவிட்ச் உள்ள வகையும் கிடைக்கிறது; அதைத் தவிர்த்துவிடுங்கள். குதித்துப் பாடும்போது விரல் பட்டு அணைந்துவிட்டால், பாட்டு முடியும்வரை யாரும் காரணம் கண்டுபிடிக்க மாட்டார்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஒயர் இரண்டு வாங்குங்கள். மூன்று நாட்களில் மைக் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒயர் இரண்டு முறை அறுந்தது.