ஹோல்டிங் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க: விமானமா, சிமுலேட்டரா, ஆட்டோபைலட்டா?

வெளியே பார்க்காமல் கருவிகளை நம்பிப் பறப்பதற்கான தகுதிச் சான்றுதான் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். அந்தப் பயிற்சியில் ஹோல்டிங் பேட்டர்னை, அதாவது குறித்த ஒரு புள்ளியை ஒட்டி வானில் நீள்வட்டமாகச் சுற்றிக் காத்திருப்பதை, விழுந்து விழுந்து படிப்போம். டைரக்ட், பேரலல், டியர்டிராப் என்று அந்தச் சுற்றுக்குள் போக மூன்று நுழைவுகள், கையில் ஸ்டாப்வாட்ச், நோட்டு முழுக்க நீள்வட்டங்கள். தேர்வு முடிந்த பிறகு, சிறு விமானம் ஓட்டுபவரிடம் கட்டுப்பாட்டாளர் "ஹோல்ட் செய்யுங்கள்" என்று சொல்வதே அபூர்வம். நெரிசல் என்றால் புறப்படும் இடத்திலேயே தரையில் நிறுத்தி வைக்கிறார்கள். இல்லையென்றால் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள், திசை மாற்றிச் சுற்றி வரவைக்கிறார்கள். லண்டன் ஹீத்ரோ போன்ற இடங்கள் விதிவிலக்கு. அங்கே பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின் என்ற நான்கு இடங்களில் விமானங்கள் 1,000 அடி இடைவெளியில் அடுக்கடுக்காகச் சுற்றுவது அன்றாடக் காட்சி.

சிறு விமானக்காரர்கள் உண்மையில் அதிகம் போடும் ஹோல்ட், அப்ரோச் (கருவிகளின் துணையோடு ஓடுபாதையை நோக்கி இறங்கும் கட்டம்) தொடங்கும் முன் திரும்புவதற்காக வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் அந்த ஒரே ஒரு சுற்றுதான். அதற்கு அடுத்தது மிஸ்டு அப்ரோச்சின் (தரையிறங்க முடியாமல் மறுபடி மேலேறுவது) முடிவில் வருவது. அமெரிக்க விதியும் இந்த இடத்தில் தளர்வானது. கருவிகளை நம்பித் தொடர்ந்து பறக்கக் கடந்த 6 மாதங்களில் 6 அப்ரோச் போட்டிருக்க வேண்டும் என்று எண்ணிக்கை சொல்கிற விதி, ஹோல்டிங்கும் செய்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஆக, ஒரு சுற்று போட்டுவிட்டுக் கணக்கை முடிப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு சுற்றில் நுழைவுதான் பழகும். காற்றைக் கணிக்கக் குறைந்தது மூன்று சுற்றாவது வேண்டும்.

ஏன் மூன்று? வலப்பக்கம் திரும்பும் ஹோல்ட், இன்பவுண்ட் (புள்ளியை நோக்கி வரும் நேர்க்கோடு) 090 பாகை, அதாவது கிழக்கு நோக்கி, காற்று வடக்கிலிருந்து வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். கோட்டில் நிற்க மூக்கை 10 பாகை இடப்பக்கம் வைத்து 080-இல் பறக்க வேண்டியிருக்கிறது. அவுட்பவுண்டில் (புள்ளியை விட்டு எதிர்த்திசையில், 270-இல், விலகிப் போகும் கோடு) அதே 10 பாகை போதாது. இரண்டு திருப்பங்களிலும் காற்று நம்மைத் தெற்கே தள்ளிவிடும், அங்கே திருத்தம் செய்ய வழியில்லை. அதனால் மும்மடங்காக 30 பாகை, அதாவது 300-இல் பறக்க வேண்டும். நேரமும் அப்படித்தான். 14,000 அடி வரை இன்பவுண்ட் 1 நிமிடம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க முறை. முதல் சுற்றில் அவுட்பவுண்ட் 60 வினாடி பறந்து, இன்பவுண்ட் 45 வினாடியில் முடிந்துவிட்டால், அடுத்த சுற்றில் அவுட்பவுண்டை 15 முதல் 20 வினாடி நீட்ட வேண்டும். முதல் சுற்றில் காற்று தெரியும், இரண்டாவதில் திருத்துவோம், அது சரியா என்று மூன்றாவதில்தான் தெரியும்.

இதைப் பழக விமானம் நல்ல இடம். காதில் வானொலிப் பேச்சு, உடம்பில் குலுக்கல், கண்ணில் வெளியே தெரியாதபடி மறைப்புக் கண்ணாடி, பக்கத்தில் வெளியே பார்த்துக்கொள்ள இன்னொரு விமானி. எல்லாம் நிஜம். ஆனால் ஒரு சுற்றுக்குச் சுமார் 4 நிமிடம் ஆகும். எரிபொருள் எரிந்துகொண்டே இருக்கும், தப்பு நடந்தால் நடுவில் நிறுத்திப் பேச முடியாது, அன்றைக்கு என்ன காற்றோ அதுதான்.

சிமுலேட்டரில் 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கி.மீ.) காற்றை எந்தப் பக்கத்திலிருந்தும் வீச வைக்கலாம். சொதப்பிய நுழைவை அப்படியே நிறுத்தி, பின்னுக்கு நகர்த்தி, மறுபடி செய்யலாம். ஒரு மணி நேரத்தில் எட்டுப் பத்து நுழைவுகள் கைக்கு வந்துவிடும். அங்கீகாரம் பெற்ற சாதனமாக இருந்தால், 2018 முதல் அமெரிக்காவில் பயிற்றுநர் கூட உட்காராமலேயே இது அந்த 6 மாதக் கணக்கில் சேரும். ஹோல்டிங்கைப் பொறுத்தவரை சிமுலேட்டரையே நான் முதலில் வைப்பேன்.

மூன்றாவது, ஜிபிஎஸ்ஸும் ஆட்டோபைலட்டும். நுழைவை அதுவே தேர்ந்தெடுக்கும், காற்றை அதுவே திருத்தும். நிஜ மேகத்துக்குள் தனியாகப் பறக்கும்போது அதைப் பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அதைப் பயிற்சி என்று குறித்துக்கொள்வது சரியில்லை. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே ஒரு ஏடிஆர் 72 பயணிகள் விமானம் ஆட்டோபைலட்டில் ஹோல்ட் செய்துகொண்டிருந்தது. உறைநிலைத் தூறலில் இறக்கைமேல் பனி சேர்ந்துகொண்டே போயிற்று, சுற்று மட்டும் பிசகாமல் ஓடியது. கடைசியில் கட்டுப்பாடு இழந்து விழுந்ததில் 68 பேரும் இறந்தார்கள். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் நோக்கி வந்த ஏவியான்கா 52 என்ற பயணிகள் விமானம் மூன்று இடங்களில் மொத்தம் 77 நிமிடம் ஹோல்டில் காத்திருந்தது. கடைசியில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது, 73 உயிர்கள் போயின. 'அவசர நிலை' என்று அவர்கள் கட்டுப்பாட்டாளரிடம் அறிவிக்கவே இல்லை. இரண்டு விபத்திலும் நுழைவோ வட்டமோ தவறவில்லை.

அதனால்தான் வெறும் வட்டத்தைப் பழகுவது எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. மாதம் ஒருமுறை சிமுலேட்டரில் கையால் மூன்று சுற்று, ஒவ்வொரு முறையும் வேறு காற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விமானத்தில் அதே மூன்று சுற்று, ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டு. சிமுலேட்டரில் பயிற்றுநர் கூட இருந்தால், அடுத்த அனுமதி எப்போது கிடைக்கும் என்ற நேரத்தை அவர் நடுவில் 25 நிமிடம் தள்ளிப்போடட்டும். நீங்கள் ஸ்டாப்வாட்ச்சை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, மிச்ச எரிபொருளில் மாற்று விமான நிலையத்துக்குப் போக எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்த நேரத்தை முழங்கால் பலகையில் எழுதி வட்டம் போடுங்கள். அந்த நேரம் வந்ததும், அனுமதி இன்னும் இரண்டே நிமிடத்தில் வரும் என்று தோன்றினாலும், மாற்று நிலையத்துக்குப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.