60 நிமிஷ கேசட்டில் அடங்காத கச்சேரி: மேட் இன் ஜப்பானோடு 43 வருஷம்

டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் பேண்டின் கச்சேரி ஆல்பமான மேட் இன் ஜப்பானை நான் முதலில் கேட்டது 1982-ல், ராயபுரத்தில், பத்தாவது படிக்கும்போது. அதற்கப்புறம் கேசட், எல்பி, சிடி, இப்போது போன் என்று நாலு விதமாகவும் வைத்துக் கேட்டாகிவிட்டது. வண்டி வாங்கிப் பத்து வருஷம் ஓட்டியவர்கள் மைலேஜ் எப்படி, எங்கே மக்கர் பண்ணும் என்று விவரமாக எழுதுகிறார்களே, அந்த மாதிரி இந்த ஆல்பத்தைப் பற்றி ஒரு தடவையாவது முழுசாக எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருந்தது.

எங்கள் தெருவில் கப்பலில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் இருந்தார். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. ஊருக்கு வரும்போது எல்லாருக்கும் செண்டு, துணி என்று கொண்டுவருகிறவர் ஒரு தடவை நாலைந்து எல்பி தட்டுகளோடு வந்து இறங்கினார். அதில் இந்த இரட்டைத் தட்டை என்னிடம் கொடுத்து, “தம்பி, இத்த கேட்டுப் பாரு. அஞ்சு பேரு மேடையில வாசிச்சத அப்டியே புடிச்சது, அப்பால ஒட்டு வேல ஒண்ணும் பண்ணல” என்றார். எங்கள் வீட்டில் தட்டு ஓட்டும் பிளேயர் கிடையாது, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த, ஒற்றை ஸ்பீக்கர் வைத்த டூ இன் ஒன் மட்டும்தான். தட்டை ரெக்கார்டிங் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் தட்டைத் திருப்பிப் பார்த்து, இதற்கு 90 நிமிஷ கேசட் வேண்டும் என்றார். என் கையில் 60-க்குத்தான் காசு இருந்தது. சரி, எவ்வளவு கொள்ளுதோ அவ்வளவு போட்டுத் தாங்க என்று சொல்லிவிட்டேன்.

மொத்த ஆல்பம் கிட்டத்தட்ட 76 நிமிஷம். கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம். முதல் பக்கத்தில் ஹைவே ஸ்டார், சைல்ட் இன் டைம், ஸ்மோக் ஆன் தி வாட்டர் மூன்றும் முழுசாக வந்தன, நான்காவதாக வரும் தி மியூல் மூன்றரை நிமிஷத்தில் அறுந்துவிடும். அதாவது இயன் பெய்ஸின் டிரம் தனி சூடு பிடிக்கிற இடத்தில் ‘டக்’கென்று பட்டன் எகிறும். இரண்டாவது பக்கத்தில் ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன், லேசி இரண்டும் முழுசு. கடைசிப் பாட்டான ஸ்பேஸ் டிரக்கின் 20 நிமிஷப் பாட்டு, அதில் எனக்குக் கிடைத்தது ஒன்பதரை நிமிஷம். ஜான் லார்ட் ஆர்கனை வாசித்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். ஏழு வருஷம் அந்தப் பாதியோடுதான் இருந்தேன். மீதி எப்படி இருக்கும் என்று ராத்திரி படுத்துக்கொண்டு நானாகவே மனசில் வாசித்துப் பார்ப்பேன்.

ஆல்பத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972 ஆகஸ்ட் 15, 16 இரண்டு நாளும் ஓசாகா ஃபெஸ்டிவல் ஹால், 17-ம் தேதி டோக்கியோ புடோகான். மூன்று கச்சேரி, எட்டு டிராக் டேப், பதிவு செய்தவர் மார்ட்டின் பர்ச். லைவ் ரெக்கார்டு வேண்டும் என்று கேட்டது ஜப்பான் கம்பெனிதான். இது ஜப்பானில் மட்டும் விற்கப் போகிற சாமான் என்று நினைத்த பேண்டுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை, மிக்சிங்குக்கு வந்து உட்கார்ந்தது பேஸ் கித்தார் வாசித்த ரோஜர் குளோவரும் டிரம்மர் பெய்ஸும் மட்டும்தான். அந்த வருஷம் டிசம்பரிலேயே இங்கிலாந்தில் வெளிவந்தது, அடுத்த வருஷம் அமெரிக்காவில். ஏழே பாட்டு. பெரும்பாலானவை ஓசாகாவின் இரண்டாவது ராத்திரியில் வாசித்தவை. மியூலும் லேசியும் டோக்கியோ. ஸ்மோக் ஒன்றுதான் முதல் ராத்திரி. அட்டைப் படம் மட்டும் ஜப்பானில் எடுத்தது இல்லை, அது லண்டன் ரெயின்போ தியேட்டர்.

இனி சைல்ட் இன் டைம். இதற்கு நான் நேரம் எடுத்துக்கொள்ளத்தான் போகிறேன்.

12 நிமிஷப் பாட்டு. ஆர்கன் மெதுவாகப் படியேறுகிற மாதிரி ஆரம்பிக்கும். அந்த மெட்டு இவர்கள் சொந்தமாகக் கட்டியது இல்லை, இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற அமெரிக்க பேண்டின் பாம்பே காலிங் என்ற வாத்திய இசையிலிருந்து எடுத்தது. நம் பம்பாயின் பேர் போட்ட மெட்டு லண்டனைச் சுற்றி ஜப்பானுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி ராயபுரத்துக்கு வந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கும். பாட்டு போரைப் பற்றியது. இயன் கில்லன் முதலில் காதோடு பேசுகிற மாதிரி பாடுவார், அப்புறம் வார்த்தையே இல்லாமல் குரல் மேலே மேலே போகும், கடைசியில் அது குரல்தானா என்று சந்தேகம் வருகிற உயரத்தில் அலறலாகும்.

ஒரு நாள் ராத்திரி கரண்ட் கட். டூ இன் ஒன்னில் பேட்டரிக் கட்டை நாலு போட்டு, திண்ணையில் உட்கார்ந்து இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே படுத்திருந்த ஆயா எழுந்து வெளியே வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். “யாருடா பூட்டாங்க? எந்த வூடு?” என்று கேட்டாள். பாட்டு ஆயா, வெள்ளைக்காரன் பாடுறான் என்றேன். அவள் உள்ளே போகவில்லை. கதவு ஓரமாக உட்கார்ந்து மீதியையும் கேட்டாள். எத்தனையோ சாவு வீட்டில் மாரடித்து ஒப்பாரி வைத்தவள் அவள். பாட்டு முடிந்ததும், “பாவம், அவனுக்கு இன்னா நடந்துச்சோ” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்தப் பாட்டைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். ஆயா அளவுக்கு யாரும் கிட்டப் போய்ச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஆல்பம் சீக்கிரம் பிடிபடும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுவார்கள். அங்கே பாட்டுக்கு நீளம் என்று ஒன்று கிடையாது, விடிவதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நீளம். பாடுகிறவர் ஒரு வரியை இழுத்தால் டோலக்காரர் அதைப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பார், எதிரில் உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்த்து அடுத்த வரி வரும். ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன் பாட்டின் நடுவில் ரிச்சி பிளாக்மோர் கித்தாரில் ஒன்று வாசிக்க, கில்லன் அதையே குரலில் திருப்பிப் பாடுவார். இவர் கொஞ்சம் கஷ்டமாக வாசிப்பார், அவர் அதையும் பாடுவார், இப்படியே போய்ப் போய் கடைசியில் கில்லன் ஒரு நீள அலறல் விடுவார் பாருங்கள், அது சவாலுக்குப் பாட்டு கட்டுகிறவர்களின் புத்தி, அதே ரோஷம். ஸ்பேஸ் டிரக்கின் ஸ்டுடியோவில் நாலரை நிமிஷப் பாட்டு, மேடையில் அது 20 நிமிஷமாக வளர்ந்ததும் இதனால்தான்.

1989-ல் அண்ணன் கப்பல் வேலையை விட்டு மாதவரம் பக்கம் வீடு மாறிப் போனார். போகும்போது அந்த இரட்டைத் தட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். நான் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், ரிச்சி தெருவில் ஒரு பழைய பிளேயரும் ஹெட்போனும் வாங்கினேன். கித்தார்க்காரரின் பேரிலேயே தெருவும் இருந்தது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. அன்றைக்கு ராத்திரி இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, ஒற்றை ஸ்பீக்கரில் ஏழு வருஷம் ஒரே கொத்தாகக் கேட்டது பிரிந்து, ஒரு காதில் ஆர்கனும் மறு காதில் கித்தாரும் வந்தன. நான் கித்தார் என்று நினைத்துக்கொண்டிருந்த எத்தனையோ இடம் உண்மையில் ஆர்கன். ஜான் லார்ட் தன்னுடைய ஹாமண்ட் ஆர்கனை, கித்தாருக்குப் போடுகிற மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து வாசிப்பார், அதனால்தான் அந்த உறுமல். புத்தாண்டு ராத்திரி 12 மணிக்குத் துறைமுகத்தில் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து சங்கு ஊதும்போது எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி நடுங்கும். லேசி பாட்டுக்கு முன்னால் அவர் தனியாக வாசிக்கும்போது அந்த நடுக்கம் எனக்கு வந்தது.

இரண்டாவது விஷயம், கேசட்டில் இல்லாத மீதி. தி மியூல் முழுசாக ஒன்பதரை நிமிஷம். பெய்ஸ் தனி ஆளாக அடித்துக்கொண்டே போகிறார், அதில் ஒரு அடி கூட நான் மனசில் வாசித்துப் பார்த்த மாதிரி இல்லை, அதைவிட லேசாக, அதைவிட வேகமாக இருந்தது. ஸ்பேஸ் டிரக்கினின் பின்பாதியில் பிளாக்மோர் வால்யூமை ஏற்றி இறக்கியே கித்தாரைச் செல்லோ மாதிரி அழ வைக்கிறார் (அவர்களுடைய ஃபூல்ஸ் என்ற பழைய பாட்டிலிருந்து வருகிறது). ஹால் முழுக்க மூச்சு விடாமல் இருக்கிறது. நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இருபது வயசு வரைக்கும் எனக்குக் காது முழுக்க கித்தாரிலேயே இருந்தது. முப்பதுகளில் ஆர்கன். இப்போது அறுபதை நெருங்கும்போது குளோவரின் பேஸ் கித்தாரைத்தான் தேடிப் போகிறேன். மற்ற நாலு பேரும் எந்தத் திசையில் ஓடினாலும் அவர் ஒருவர் வீட்டில் விளக்குப் போட்டு வைத்திருக்கிற மாதிரி அதே இடத்தில் இருக்கிறார். ஹைவே ஸ்டாரைப் பேஸ் மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். ஸ்பேஸ் டிரக்கினின் நடுவில் ஓரிரு நிமிஷம் தடம் தெரியாமல் அலைகிறது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த இடத்தில் என் கவனம் நழுவும். ஸ்மோக் ஆன் தி வாட்டரின் ஆரம்பம் நன்றாக இருக்கிறது, ஜனங்கள் கை தட்டத் தட்ட கித்தார் வருகிறது. ஆனால் அந்தப் பாட்டுக்கு மட்டும் ஸ்டுடியோ வடிவமே எனக்கு ஒரு படி மேல். 1971 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தின் மோந்த்ரோ ஊரில் கேசினோ எரிந்து ஏரி மேல் புகை பரவியதைப் பற்றிய பாட்டு அது, ஸ்டுடியோவில் அந்தப் புகை கண்ணுக்குத் தெரியும்.

எதில் கேட்பது என்று கேட்டால்: கேசட் கடற்கரை ஓரத்து வீட்டுக்கு ஆகாது. உப்புக் காற்றில் டூ இன் ஒன்னில் டேப்பைப் படிக்கிற ஹெட்டில் பச்சைக் களிம்பு ஏறும், டேப்பில் பூஞ்சை பூக்கும். மாதம் ஒரு தடவை பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தும் பத்து வருஷத்துக்கு மேல் தாங்கவில்லை. எல்பி ஆச்சரியமான சாமான். 2023 டிசம்பர் புயலில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், கீழ்த் தட்டில் இருந்த அந்த அட்டை கூழாகப் போய்விட்டது. தட்டு இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் நிற்க வைத்துக் காய வைத்தேன். இன்றும் ஓடுகிறது, இரண்டாவது தட்டில் கொஞ்சம் பொரிகிற சத்தம் மட்டும். அட்டை போனது எனக்கு மனசு ஆறவில்லை, அதன் உள்பக்கத்தில் அண்ணன் தன் பேரையும் கப்பலின் பேரையும் பேனாவில் எழுதி வைத்திருந்தார்.

சிடி வாங்குவதாக இருந்தால் 1998-ல் வந்த பதிப்பில் பிளாக் நைட், ஸ்பீட் கிங், லூசில் என்று கச்சேரி முடிந்து ரசிகர்கள் கேட்டு வாசித்த மூன்று பாட்டும் தனித் தட்டில் உண்டு. 1993-ல் மூன்று ராத்திரியையும் மூன்று சிடியில் போட்டார்கள். அதை முழு ரசிகர்கள் மட்டும் வாங்கலாம், ஒரே பாட்டு மூன்று ராத்திரியும் எப்படி மாறியது என்று உட்கார்ந்து ஒப்பிடலாம், எனக்கு அதில் ஞாயிற்றுக்கிழமைகள் பல போயிருக்கின்றன. போனில் கேட்பவர்கள் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழாதபடி செட்டிங் பார்த்துக்கொள்ளுங்கள், கைதட்டல் நடுவில் அறுந்தால் ஹால் கலைந்துவிடும். சின்ன புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். அது எங்கள் பழைய டூ இன் ஒன் மாதிரிதான், ஆர்கனையும் கித்தாரையும் ஒன்றாகப் பிசைந்துவிடும்.

முதல் தடவை கேட்கிறவர்கள் ஹைவே ஸ்டாரிலிருந்தே ஆரம்பியுங்கள், பெய்ஸ் ஸ்நேர் டிரம்மைத் தட்டத் தட்ட மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வதிலிருந்து. நேரம் இல்லை என்றால் நாளைக்குக் கேளுங்கள், ஆனால் 76 நிமிஷத்தையும் ஒரே மூச்சில் கேளுங்கள். நான் போன வாரம் கூட கேட்டேன். ஸ்பேஸ் டிரக்கினில் ஒன்பதரை நிமிஷம் வந்ததும் பட்டன் எகிறப் போகிறது என்று கை தானாக நீண்டது. ஆர்கன் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.