ஒலிம்பிக்ஸ் யூடியூப் சேனல்: சுசோவிட்டினாவுக்காகவே பார்க்கலாம்

ஜிம்னாஸ்டிக்ஸ் பிடிக்குமா? அப்படியென்றால் இந்தச் சேனலைத் தாராளமாகப் பார்க்கலாம், பைசா செலவில்லை. நான் அதில் தேடிப் போவது ஒக்சானா சுசோவிட்டினாவைத்தான். உஸ்பெகிஸ்தான்காரர், மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததும் சிகிச்சைக்காக ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் போய், 2006-இல் அந்த நாட்டின் குடியுரிமை வாங்கி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்காகவே வால்ட்டில் (ஓடி வந்து மேசையில் கை ஊன்றித் தாவும் போட்டி) வெள்ளி வென்றார். அப்போது வயது 33! மகனும் தேறிவிட்டான். அப்புறம் மறுபடி உஸ்பெகிஸ்தானுக்கே ஆடினார். 2021-இல் டோக்கியோவில் இறங்கியபோது 46, அது அவருக்கு எட்டாவது ஒலிம்பிக். இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை, ஆனாலும் அரங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 

வர்ணனை ஆங்கிலத்தில்தான், சரி, பரவாயில்லை. வேகத்தை 0.25-க்குக் குறைத்து, அவர் மேசையில் கை ஊன்றி எம்புவதைப் பாருங்கள், முழங்கை துளிகூட மடங்காது.