அட்லாண்டிக் பட்டியலும் மலாக்கா வெயிலும்: எங்கள் படகில் எது உழைத்தது

நெடுந்தூரக் கடல் பயணத்துக்குப் பாய்மரப் படகில் என்னென்ன போட வேண்டும் என்று கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் அட்லாண்டிக் போன்ற குளிர்ந்த கடலில் ஓடுகிறவர்கள் எழுதியவை. அங்கே காற்று தாராளம், வெயில் கொஞ்சம். சிங்கப்பூரில் கதை தலைகீழ். நானும் மச்சானும் சேர்ந்து வாங்கிய பழைய 38 அடி ஃபைபர் கிளாஸ் படகில் மலாக்கா நீரிணை வழியாக மலேசியாவின் லங்காவித் தீவுக்கு ஏறி, வாடைக் காலத்தில் வங்கக் கடலைத் தாண்டித் திரிகோணமலை தொட்டு, மாலத்தீவு வரை போய் வந்திருக்கிறோம். என்னைக் கேட்டால், இங்கிருந்து கிளம்புகிறவர்கள் முதல் பணத்தை மின்சாரத்துக்கும் நிழலுக்கும் ஒதுக்க வேண்டும். பாய், கயிறு எல்லாம் அப்புறம்.

மின்சாரத்தைக் குடிப்பது ஃபிரிட்ஜ்தான். கடல் தண்ணீரே 29, 30 டிகிரியில் இருக்கும்போது கம்ப்ரஸருக்கு ஓய்வு ஏது? லெட் ஆசிட் பேட்டரியில் 100 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் எண்பது சதவீதம் வரை தைரியமாக எடுக்கிறோம். எடையும் மிச்சம். ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாது. கொடுக்கிற கரண்டையெல்லாம் லித்தியம் வாங்கிக்கொண்டே இருக்கும். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் உழைத்துச் சூடேறிக் கருகிவிடும். பேட்டரியின் பாதுகாப்பு சர்க்கிட் நடுவில் துண்டித்தாலோ, வோல்டேஜ் எகிறி டயோடுகள் போய்விடும். அதனால் ஆல்டர்னேட்டரை எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட் பேட்டரியோடு மட்டும் இணைத்திருக்கிறோம். அது இன்னும் லெட் ஆசிட்தான். அங்கிருந்து ஒரு டிசி-டிசி சார்ஜர் அளவாக எடுத்து லித்தியத்துக்குக் கொடுக்கிறது. இன்றுவரை தொல்லை இல்லை.

ஃபியூஸ், ஸ்விட்ச் போன்ற சில்லறைச் சாமான்களை சிங்கப்பூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில் தேடிப் பிடித்தோம். வயரில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் வேண்டும். சாதாரண வயரை உப்புக்காற்றில் விட்டுவைத்துச் சில மாதம் கழித்து உறையைச் சீவிப் பாருங்கள், உள்ளே கறுத்துக் கிடக்கும்.

சோலார் பேனல் படகின் பின்பக்க வளைவில் 400 வாட். நமக்கு உச்சி வெயில் ஏறக்குறைய நேர் மேலே இருப்பதால் சாய்க்கிற வேலை இல்லை. பகை நிழல்தான். பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ‘பூம்’ (boom), அதன் நிழல் ஓர் ஓரத்தில் விழுந்தாலே பேனலின் வரவு சரிந்துவிடும். ஒவ்வொரு பேனலுக்கும் தனி கன்ட்ரோலர் வைத்ததில், ஒன்று நிழலில் படுத்தாலும் மற்றது வேலை செய்கிறது. சுக்கான் பிடித்து உட்காரும் காக்பிட்டுக்கு மேல் கேன்வாஸ் பந்தலும், ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு 12 வோல்ட் விசிறியும் இல்லாமல் இந்தப் பக்கம் கிளம்பவே வேண்டாம். பகலில் தூங்க முடியாதவன் இரவில் காவல் நிற்க முடியாது.

அடுத்து ஏஐஎஸ் (AIS): கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் ரேடியோவில் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் கருவி. சிங்கப்பூர் நீரிணையில் கப்பல் பாதையைக் குறுக்கே கடக்கும்போது நேர் செங்குத்தாகத்தான் கடக்க வேண்டும், பெரிய கப்பலுக்கு இடைஞ்சல் செய்யவும் கூடாது. திரையில் கப்பல்களைக் காட்டும் முக்கோணங்கள் எறும்புப் புற்று மாதிரி மொய்க்கும். இந்தக் கூட்டத்தில் நம்முடைய 2 வாட் சிக்னலை யார் கவனிப்பார் என்று எனக்குச் சந்தேகம்தான். அதன் அருமை வங்கக் கடலில்தான் தெரிந்தது. நடு இரவில் ஒரு கன்டெய்னர் கப்பல் நேரே வந்துகொண்டிருந்தது. மிக நெருங்கும் தூரம் 0.3 மைல் என்று காட்டிக்கொண்டிருந்த திரையில் எண் மெதுவாக 0.8 ஆனது, பிறகு 1.5. “மச்சான், அவன் நம்மளப் பார்த்துட்டான்” என்றபடி மச்சான் மறுபடி டீ கிளாஸை எடுத்தார். ஆனால் மலாக்கா நீரிணையில் விளக்கே இல்லாமல் கிடக்கும் மீன்பிடிப் படகையும் வலையையும் ஏஐஎஸ் காட்டாது. அங்கே கண்ணும் டார்ச்சும்தான்.

ரேடார் வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டும், மழைக்காக. விடியற்காலையில் வரும் சுமத்ரா புயல்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அறையும். இருட்டில் மேகம் தெரியாது, ரேடாரில் மழைத்திட்டு தெரியும். அது வந்து சேர்வதற்குள் பாயைச் சுருக்க வேண்டும் என்பதால் அதற்கான கயிறுகளையெல்லாம் காக்பிட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். மின்னலுக்கு முழுத் தீர்வு எதுவும் இல்லை. இடி நெருங்கினால் கையடக்க ஜிபிஎஸ்ஸையும் வாக்கிடாக்கியையும் சமையலறையின் உலோக ஓவனுக்குள் (oven) வைத்துக் கதவைச் சாத்துவது பாய்மரக்காரர்களின் பழைய வழக்கம். நாங்களும் செய்கிறோம்.

காற்றைப் பிடித்துத் தானே சுக்கான் திருப்பும் விண்ட்வேன் இரண்டு முகம் கொண்டது. லங்காவி வரை அது வெறும் அலங்காரம். காற்றே இல்லாதபோது அது எதைப் பிடிக்கும்? மின் ஆட்டோபைலட்தான் ஓட்டியது. லங்காவி தாண்டி வாடைக்காற்று நிலையாகப் பிடித்ததும், ஒரு சொட்டு கரண்ட் தின்னாமல் இரவும் பகலும் ஓட்டியது. ஆயிரம் கடல்மைலுக்கு மேல் நீளும் அந்தக் கட்டத்துக்காகவே அதற்கு முழு மதிப்பெண். சிங்கப்பூர், பக்கத்துத் தீவுகளான பாத்தாம், தியோமான் என்று சுற்றுகிறவர்களுக்கு வீண் செலவு.

கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர் பற்றி எனக்கும் மச்சானுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. சுமார் 55 பார் அழுத்தத்தில், உப்பை வடிகட்டும் மெம்பிரேன் சவ்வு வழியே தண்ணீரைத் தள்ளுகிற யந்திரம். எண்ணெய் மிதக்கும் துறைமுகத்தில் ஓட்டக் கூடாது, குளோரின் பட்டால் மெம்பிரேன் கெடும், சும்மா கிடந்தால் நல்ல தண்ணீரில் அலசி மருந்து போட்டு மூட வேண்டும். பயன்படுத்துவதைவிடப் பராமரிப்பது அதிகம். மாலத்தீவில் குளிக்கக் குளிக்கத் தண்ணீர் கிடைத்தது உண்மைதான். இருந்தாலும் கடன் வாங்கிப் போடுகிற பொருள் அல்ல என்பது என் கட்சி.

நங்கூரத்தில் ராக்னா (Rocna) என்ற ரகமும் 10 மில்லிமீட்டர் சங்கிலியும். மலாக்கா ஓரத்துச் சேற்றில் ஒரே இழுப்பில் புதைந்து நிற்கிறது. மாலத்தீவில் ஆழம் அதிகம், அடியில் பவளம். சங்கிலி எவ்வளவு இருந்தாலும் போதவில்லை என்று தோன்றும். 50 மீட்டரே நூறு கிலோவுக்கு மேல் வரும், அதனால் மீதிக்கு நைலான் கயிறுதான்.

லைஃப் ராஃப்ட் என்ற உயிர்காப்பு மிதவையையும், ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சிக்னல் அனுப்பும் ஈபெர்ப் (EPIRB) கருவியையும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, திறந்ததே இல்லை. பழைய ஈபெர்ப் வாங்குகிறவர்கள் அதில் எந்த நாட்டுக் குறியீடு இருக்கிறது என்று பார்த்து, நம் படகின் பெயரில் மாற்றிப் பதிந்துகொள்ளுங்கள்.

சமையலறையில் பிரஷர் குக்கர். மூடி பூட்டிக்கொள்வதால் படகு சாய்ந்தாலும் பருப்பு தரையில் கொட்டாது, கேஸும் மிச்சம். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய அரிசி, புளி, கருவாடு எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில்.

அடுத்த செலவு பாய்மரத்தைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் கம்பிகள். வெளியே பளபளவென்று இருந்தாலும், கம்பி நுழையும் முனைக்குள் உப்பு தங்கி அரிக்கும்; இந்த வெக்கையில் அது இன்னும் வேகம். லங்காவியில் மாற்றிக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். கரைக்குப் போய் வரும் சிறு படகான டிங்கிக்கு மோட்டார் அடுத்த வருஷம் பார்க்கலாம்.