சாமிப் பாட்டுக்கு நடுவே எங்கள் ராக் பாட்டு: ஒரு மியூசிக் டிஸ்ட்ரிப்யூட்டரோடு குப்பை கொட்டிய அனுபவம்

எங்கள் டிஸ்ட்ரிப்யூட்டரிடமிருந்து, அதாவது பாட்டை வாங்கி ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்களில் சேர்க்கும் சேவையிடமிருந்து, சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்த அதே வாரத்தில், ஈரோட்டில் புதிதாக பேண்ட் ஆரம்பித்திருக்கும் ஒரு தம்பியும் கேட்டான்: “அண்ணா, நீங்க எந்த டிஸ்ட்ரிப்யூட்டர் வழியா பாட்டு போடுறீங்க? நல்லா இருக்கா?” வாட்ஸ்ஆப்பில் ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். அந்த வரி சின்னப் பையனுக்கு அனுப்பக்கூடிய வரியாக இல்லாததால் இங்கே எழுதுகிறேன். சேவையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வருடச் சந்தா கட்டினால் எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம் என்கிற ரகம். விசாரித்த வரையில் இந்த ரகத்தில் எல்லாமே ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் மறந்துபோகும். வேவ் ஃபைலையும் 3000க்கு 3000 பிக்சல் கவர் படத்தையும் ஏற்றினால் சில நாளில் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக், ஜியோசாவன் எல்லாவற்றிலும் பாட்டு வந்துவிடுகிறது. லேபிள் வேண்டாம், யாரையும் தெரிந்திருக்க வேண்டாம். இன்ஸ்டாகிராம் ஆடியோ லிஸ்டிலும் சேர்ந்துவிடும். எங்கள் பாட்டு ஒன்றின் இடையிசையை யாரோ ஒரு அக்கா புதுமனை புகுவிழா ரீலுக்குப் போட்டிருந்தார். பால் பொங்கும்போது எங்கள் கிடார் வருகிறது. நாங்கள் அதை எழுதியது பிரிவைப் பற்றி. பரவாயில்லை, பொங்கட்டும்.

எதிர்பாராமல் பிடித்துப்போனது பங்கு பிரிக்கும் வசதி. ஒவ்வொரு பாட்டுக்கும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒருமுறை போட்டுவிட்டால் போதும், வரும் பணம் அவரவர் கணக்குக்குத் தானாகப் போய்விடும். வருவது டீக்காசுதான். ஆனால் டீக்காசில் உடைந்த பேண்டுகளைப் பார்த்திருக்கிறேன். டிரம்மருக்கும் எனக்கும் ஆயிரம் சண்டை உண்டு, காசு விஷயத்தில் மட்டும் இதுவரை ஒன்றும் இல்லை. அதற்கு இந்த ஒரு வசதிதான் காரணம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பேண்டின் பெயர் ஒரு சாதாரணத் தமிழ்ச் சொல். அதே பெயரில் ஒரு பக்திப் பாடகரும் இருக்கிறார். நாங்கள் வருவதற்கு முன்பே அவர் பாட்டுகள் ஸ்ட்ரீமிங்கில் இருந்தன, அவர்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிரச்சினை எங்கே என்றால், டிஸ்ட்ரிப்யூட்டர் பாட்டை அனுப்பும்போது கூடப் போவது பெயர் என்கிற எழுத்துகள்தான். இந்தக் கலைஞர் யார் என்று காட்டும் ஐடியைச் சேர்த்து அனுப்பாவிட்டால், அதே பெயரில் ஏற்கெனவே யார் இருக்கிறாரோ அவர் பக்கத்தில் பாட்டு போய் ஒட்டிக்கொள்ளும். புது பேண்டின் முதல் பாட்டுக்கு ஐடியே இருக்காது. ஆகவே கிடாரில் கரகரவென்ற டிஸ்டார்ஷன் வைத்து, தொண்டை கிழியக் கத்திய எங்கள் முதல் பாட்டு, முருகன் பாட்டுகளுக்கு மேலே ‘புதிய வெளியீடு’ என்று உட்கார்ந்திருந்தது. காலையில் கந்தனைக் கேட்கப் போனவர்கள் என்ன நினைத்தார்களோ.

முதல் பாட்டு என்றால் மன்னிக்கலாம். அப்புறம் எங்களுக்கென்று தனிப் பக்கம் கிடைத்துவிட்டது, ஐடியும் வந்துவிட்டது. பாட்டு ஏற்றும் படிவத்தில் “இந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கும் கலைஞர் நீங்கள்தானா?” என்று கேட்டுப் படத்தோடு பட்டியலும் காட்டுகிறது. எங்கள் படத்தைப் பார்த்துத்தான் டிக் அடிக்கிறோம். ஆனாலும் ஸ்பாட்டிஃபையில் சரியாக விழுந்தால் ஆப்பிளில் மாறிப்போகும். ஆப்பிளைச் சரிசெய்தால் அடுத்த பாட்டு யூடியூப் மியூசிக்கில் வேறு எங்கோ போய் நிற்கும். ஒருமுறை தலைகீழாகவும் நடந்தது, அவருடைய பாட்டு எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஸ்பாட்டிஃபையில் நம்மைப் பின்தொடர்கிறவர்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ரிலீஸ் ரேடார் என்ற பட்டியலில் புதுப் பாட்டு போகும். அந்தச் சாமிப் பாட்டு எங்கள் பெயரில் அதில் போயிருக்கிறது. பேஸ் வாசிக்கும் பையனின் அம்மா போனில், “இப்பதாண்டா உருப்படியா ஒரு பாட்டு போட்டிருக்கீங்க” என்றார். எங்கள் பாட்டுக்கு அவரிடமிருந்து கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

டிஸ்ட்ரிப்யூட்டரின் உதவிப் பிரிவுக்கு எழுதினால் முதலில் பாட் (தானியங்கி நிரல்) பதில் சொல்லும், “உங்கள் கேள்விக்கான விடை இந்தக் கட்டுரையில் உள்ளது” என்று. அந்தக் கட்டுரை, உதவிப் பிரிவுக்கு எழுதச் சொல்லும். அதைத் தாண்டி ஒரு மனிதர் வந்தால், “ஸ்டோர் (பாட்டு ஆப்) பக்கத்தில்தான் பிரச்சினை, அவர்களுக்குத் தெரிவித்துவிட்டோம்” என்பார். இதற்குள் ரிலீஸ் ஆன முதல் வாரம் ஓடிவிடும். ஒரு பாட்டுக்கு உயிர் இருப்பதே அந்த வாரத்தில்தான். கடைசியில் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில், அதாவது கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை தளத்தில், நாமே புகார் கொடுத்தது டிஸ்ட்ரிப்யூட்டரைவிட வேகமாக வேலை செய்தது. தம்பி, இதை மட்டும் குறித்துக்கொள். இன்னும் பெயர் வைக்கவில்லை என்றால், வைக்கும் முன் எல்லா ஆப்பிலும் தேடிப் பார். கேட்க நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

விளம்பரத்துக்கு இந்தச் சேவை செய்வதாகச் சொல்வதில் பெரும்பாலானது அலங்காரம். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஸ்டோர்கள் என்று மார்தட்டுவார்கள். அந்த மாதிரிப் பட்டியல்களில் இருந்த ரெஸ்ஸோ என்ற பாட்டு ஆப் 2024 ஜனவரியில் இந்தியாவில் கடையைக் கட்டியது, அதே வருடம் விங்க் என்ற ஆப்பும் போனது. நிஜமாக உதவுவது ஸ்பாட்டிஃபையின் பிட்ச் படிவம், அதாவது வெளிவரப்போகும் பாட்டைப் பிளேலிஸ்ட் போடுகிறவர்களிடம் சிபாரிசு செய்யும் படிவம். அது இலவசம், அதை நாமேதான் நிரப்ப வேண்டும், 500 எழுத்துக்குள் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிலீஸுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால்தான் நம் விருப்பப்படி அந்தப் பாட்டு ரிலீஸ் ரேடாரில் போகும். வெளிவந்த பாட்டை பிட்ச் செய்ய முடியாது. அதனால் புதன்கிழமை மிக்ஸிங் முடித்து வெள்ளிக்கிழமை போடுவோம் என்கிற கிளுகிளுப்பெல்லாம் வேண்டாம்.

இன்ஸ்டாவில் “உங்கள் பாட்டுக்கு லட்சம் ஸ்ட்ரீம் உத்தரவாதம்” என்று வருகிற ஆட்களைத் தயங்காமல் பிளாக் செய். பாட் வைத்து ஓட்டுவார்கள். போலி ஸ்ட்ரீம் என்று தெரிந்தால் ஸ்பாட்டிஃபை 2024 முதல் டிஸ்ட்ரிப்யூட்டருக்கு ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று அபராதம் போடுகிறது. அது நம் தலையில் வந்து விடியும், பாட்டையும் தூக்கிவிடுவார்கள்.

காசு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதே 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீமாவது ஓடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ரெக்கார்டிங் ராயல்டி தருவதில்லை. சினிமாப் பாட்டுக்கு ஆயிரம் என்பது தூசு. நம் ஊரில் பாட்டு என்றாலே “எந்தப் படம்?” என்றுதான் கேட்பார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சாதி எதிர்ப்பு பேண்ட் மேடையேறிய பிறகு அந்தக் கேள்வி கொஞ்சம் குறைந்தது என்பது என் எண்ணம், ஆனால் போய்விடவில்லை. படத்தின் பெயரைத் தட்டித் தேடும் ஊரில், படமே இல்லாத பாட்டுக்கு ஆயிரம் என்பது மலை.

அந்த ஆயிரத்தையும் தாண்டினால் வரிப் படிவம் வரும். எங்களுடையது அமெரிக்கக் கம்பெனி. டபிள்யூ-8பென் படிவத்தை நிரப்பி பான் எண்ணைக் கொடுத்து, இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் காட்டினால் அங்கிருந்து வரும் ராயல்டியில் 15 சதவீதம்தான் பிடிப்பார்கள். விட்டுவிட்டால் 30. இன்னொன்று, டிஸ்ட்ரிப்யூட்டர் தருவது ரெக்கார்டிங்குக்கான காசு மட்டும்தான். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேரவேண்டிய ராயல்டிக்கு, அதை வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் தனியாக உறுப்பினர் ஆக வேண்டும். இதை எந்த டிஸ்ட்ரிப்யூட்டரும் தானாக முன்வந்து எனக்குச் சொன்னதில்லை. கேட்பவர்களுக்கு நேரடியாகப் பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பின் கணக்கு வேறு. அங்கே டிஜிட்டல் ஆல்பம் விற்றால் 15 சதவீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள். டொரன்டோவிலும் மலேசியாவின் கிள்ளானிலும் இருந்து வாங்குகிறார்கள், மயிலாப்பூரில் இருந்து வாங்குவதில்லை.

வெளியேறலாமே என்றால், சந்தாவை நிறுத்தினால் பாட்டுகள் எல்லா ஆப்பிலிருந்தும் இறங்கிவிடும். நிரந்தரமாக வைக்க ஒவ்வொரு பாட்டுக்கும் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். பணயக் கைதி என்ற சொல்தான் வாயில் வருகிறது. சிடி பேபி என்ற டிஸ்ட்ரிப்யூட்டர் மாதிரி, ஒரு ரிலீஸுக்கு ஒரே முறை பணம் கட்டி வருமானத்தில் 9 சதவீதம் விடும் வழியும் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு பாட்டு போடுகிறவர்களுக்கு அதுதான் உத்தமம். மாறுவதாக இருந்தால் பாட்டின் ஐஎஸ்ஆர்சியை, அதாவது ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் உள்ள 12 எழுத்து அடையாள எண்ணை, குறித்து வைத்துப் புது இடத்திலும் அதையே கொடுக்க வேண்டும். பழையதை இறக்கும் முன் புதியதை ஏற்றிவிட வேண்டும். ஸ்ட்ரீம் எண்ணிக்கை தப்ப அதுதான் வழி. அப்படி மாற்றும்போது முருகன் பக்கத்துக்கு மொத்த ஆல்பமும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் நான் இன்னும் மாறவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: இந்தச் சேவையில் சேராதே. நான் நேற்று சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். தீபாவளிக்கு ஒரு பாட்டு இருக்கிறது, டிரம்மருக்குப் பங்கு போக வேண்டும், மறுபடி புதிதாகச் சண்டை போடத் தெம்பில்லை. அப்புறமும் சேரத்தான் போகிறாய் என்றால் ரெஃபரல் லிங்க் அனுப்புகிறேன், முதல் வருடம் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கும். எனக்கும் அதில் ஏதோ வரும். பாட்டில் வருவதைவிட அது அதிகம்.